வேகம் வேறு, விகிதம் ஒன்று

அத்தியாயம் 5: சாம்பியன்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் விட்டுவிட வேண்டியதும்

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் பக்கம் முப்பது நாற்பது வயதில் ஓட ஆரம்பிப்பவர்களிடம் உலக சாம்பியன்களைப் பற்றிப் பேசிப் பாருங்கள். "அவங்க பிறவியே வேற சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் பாதி உண்மை. நுரையீரலும் இதயமும் எவ்வளவு ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுசேர்க்கும் என்பதில் பிறவிக்குப் பெரிய பங்கு உண்டு. மீதிப் பாதியைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் முடித்தார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 விநாடி. அதே தூரத்தை நம் ஊர் ஆசிரியர் ஒருவர் 5 மணி நேரத்தில் முடித்தால் அவருக்குக் கிலோமீட்டருக்கு 7 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. வேகம் இரண்டரை மடங்கு வித்தியாசம். ஆனால் இருவர் உடலிலும் தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்தால் கால் நகராது. வெயில் ஏறினால் இதயத்துடிப்பு ஏறும். பயிற்சியில் தேய்ந்த தசை உறக்கத்தில்தான் வலுவேறும். இந்த விதிகளில் சாம்பியனுக்குத் தள்ளுபடி கிடையாது.

ஆகவே இந்த நூல் சொல்வது ஒன்றுதான்: சாம்பியனின் அளவைக் காப்பியடிக்காதீர்கள், விகிதத்தைக் காப்பியடியுங்கள். அவர் வாரத்துக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறார் என்பது அளவு. அதில் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஓய்வோடு ஓடுகிறார் என்பது விகிதம். அளவு அவருடைய தொழில். விகிதம் எல்லோருக்கும் பொது.

வேலைக்குப் போகிறவர்கள் வென்ற நாள்

"நமக்கு வேலை இருக்கு, அவங்களுக்கு ஓடுறதுதான் வேலை" என்பது அடுத்த வாதம். அதற்கு 2018 ஏப்ரல் 16 அன்று பாஸ்டனில் பதில் கிடைத்தது. கொட்டும் மழை, எதிர்க்காற்று, நடுக்கும் குளிர். பெயர்பெற்ற வீரர்கள் பலர் பாதியிலேயே விலகினார்கள். ஆண்கள் பிரிவில் 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் வென்ற ஜப்பானின் யூகி கவாவுச்சி, அப்போது சைதாமா மாகாணத்துப் பள்ளி ஒன்றில் முழுநேர அலுவலகப் பணியாளர். வேலைக்கு முன் காலையில் ஒரு வேளைதான் பயிற்சி. அதே பந்தயத்தில் பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ், அரிசோனாவில் மயக்க மருந்துப் பிரிவில் முழுநேரம் பணிபுரிந்த செவிலியர். விடியுமுன்னோ பணி முடிந்த பிறகோ பயிற்சி எடுத்தவர். அது அவருடைய இரண்டாவது மாரத்தான்.

பக்கத்திலேயே பார்க்கலாம். புதுக்கோட்டை மண்ணில் பயிற்சியாளர் லோகநாதனிடம் ஓடிப் பழகிய கோ. லட்சுமணன், 2017இல் புவனேஸ்வர் ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே பயிற்சியாளரிடம் வளர்ந்த எல். சூர்யா, 2016 தெற்காசிய விளையாட்டில் அதே இரண்டு தூரங்களில் தங்கம் வென்றார். வசதியான நகரமோ குளுகுளு மலையோ அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஒரு பயிற்சியாளர், ஒரு குழு, தவறாத காலைகள் ஆகியவை வாய்த்தன.

பதக்கம் பற்றிய எண்ணமே இல்லாதவர்களுக்கும் முன்னுதாரணம் உண்டு. 2021இல் தமிழ்நாட்டின் மருத்துவத்துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், 2004இல் நடந்த சாலை விபத்தில் முழங்காலில் பலத்த அடிபட்டவர், நீரிழிவு உள்ளவர். அதன் பிறகு நடந்து, மெல்ல ஓடி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பவற்றை ஐந்து விதிகளாகப் பிரித்துப் பார்ப்போம்.

விதி 1: ஐந்தில் நான்கு நாள் மெதுவாக

புதிதாக ஓடுகிறவர் செய்யும் முதல் பிழை, தினமும் ஒரே நடுத்தர வேகத்தில் மூச்சிரைக்க ஓடுவது. மெதுவாகப் போனால் பயிற்சியே இல்லை என்று தோன்றும். ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் நண்பர்கள் பார்க்கிறார்களே என்றும் இருக்கும். சாம்பியன்கள் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறார்கள்.

நார்வேயில் பணிபுரியும் உடலியங்கியல் ஆய்வாளர் ஸ்டீபன் செய்லர், பனிச்சறுக்கு, படகோட்டம், ஓட்டம் என்று பல துறைகளின் முன்னணி வீரர்களுடைய பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தார். சுமார் 80 சதவீதப் பயிற்சிகள் எளிதாகப் பேசக்கூடிய வேகத்திலும், மீதி மட்டும் கடுமையாகவும் இருந்தன. அவரும் ஸ்பெயின் ஆய்வாளர்களும் சேர்ந்து 30 அமெச்சூர் ஓட்டக்காரர்களை 10 வாரம் வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. மெதுவும் கடுமையுமாகப் பிரித்து ஓடிய குழு, 10 கிலோமீட்டர் நேரத்தை 5 சதவீதம் குறைத்தது. நடுத்தர வேகத்தில் அதிகம் ஓடிய குழு 3.6 சதவீதம் குறைத்தது. வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் மெதுவாக ஓடுவதால் நஷ்டமில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

மெதுவான ஓட்டத்தில் என்ன நடக்கிறது? தசையைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தசைச் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது. கொழுப்பை எரித்து ஓட உடல் பழகுகிறது. தசைநாணும் எலும்பும் மெல்ல உறுதிப்படுகின்றன. மூச்சு சில வாரங்களில் தேறிவிடும், தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். குதிகால், கெண்டைக்கால், முழங்கால் வலிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

எது மெதுவு என்று அறியக் கைக்கடிகாரம் வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் நாலைந்து வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அது மெதுவு. இரண்டு சொல்லோடு நிற்க வேண்டியிருந்தால் வேகம் கூடிவிட்டது. ஏற்றத்தில் பேச முடியாவிட்டால் நடங்கள்.

நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடக்கூடிய, வேலைக்குப் போகிற ஒருவருக்கு அரை மாரத்தானை நோக்கிய ஒரு வாரம்:

- திங்கள்: ஓய்வு.
- செவ்வாய்: 6 கி.மீ. மெதுவாக.
- புதன்: 2 கி.மீ. மெதுவாக ஓடி உடல் சூடேறிய பின், 2 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெது. இப்படி 6 முறை. பிறகு 1 கி.மீ. மெதுவாக.
- வியாழன்: ஓட்டம் இல்லை. வீட்டில் 20 நிமிடம் உட்கார்ந்து எழுந்திருத்தல், படியில் ஏறி இறங்கல், குதிகால் உயர்த்தல், பிளாங்க்.
- வெள்ளி: 6 கி.மீ. மெதுவாக.
- சனி: 4 கி.மீ. மிக மெதுவாக.
- ஞாயிறு: லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம். 10 கி.மீ.யில் தொடங்கி, வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டி 18 வரை.

ஐந்து ஓட்டங்களில் ஒன்றுதான் கடுமை. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் தூரத்தைக் கால் பங்கு குறையுங்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களும் இதே விகிதத்தை மணிக்கணக்கில் பின்பற்றலாம்.

மெதுவான ஓட்டத்துக்கு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கைப் போன்ற இடம் அமைவது அரிது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி ஊர்களை இணைக்கும் உட்சாலைகளில் இருபுறமும் பன்னீர் திராட்சைப் பந்தல். தரை ஏறக்குறைய சமம், நெடுஞ்சாலை லாரிகள் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். காலை வேளையில் பந்தலுக்கு மருந்து அடிப்பார்கள். ஸ்பிரேயர் சத்தம் கேட்டாலோ நெடி வந்தாலோ திரும்பி வேறு தெருவைப் பிடியுங்கள். மூச்சை இழுத்து ஓடுகிறவருக்கு அந்தக் காற்று ஆகாது.

விதி 2: மலையை மருந்தளவில்

மூன்று பக்கமும் மலை நிற்கிறது என்பதால் ஞாயிறுதோறும் மலையேறத் தோன்றும். லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறினால் ஆறேழு கிலோமீட்டருக்குள் சுமார் 450 மீட்டர் உயரம் கூடும். போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு என்றால் ஏறக்குறைய 1,000 மீட்டர். சின்னமனூரிலிருந்து மேகமலை இன்னும் அதிகம். கென்யா, எத்தியோப்பியா வீரர்களும் சரிவில் ஓடுகிறார்கள். ஆனால் அதை வாரத்தின் கடுமையான பயிற்சியாகக் கணக்கில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஏற்றம் இதயத்துக்கு வேலை, இறக்கம் தொடைக்கு வேலை. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. அப்போது தசை நார்களில் நுண்ணிய காயங்கள் உண்டாகும். அன்று ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியாது. நல்ல செய்தி, தசை இதை நினைவில் வைத்துக்கொள்கிறது. சிறு அளவில் ஒரு முறை இறங்கிப் பழகினால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதன்கிழமைப் பயிற்சிக்குப் பதிலாக ஒரு மேடு. ஒரு நிமிடம் ஏறும் சரிவு போதும். 6 முறை ஏறி, நடந்து இறங்குங்கள். ஒரு மாதம் பழகியபின் இறக்கத்தில் கடைசி இரண்டு முறை மட்டும் சிற்றடி வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி ஓடுங்கள். முழு மலைப்பாதை மாதம் ஒன்று போதும். போடிமெட்டு ஏறினால் அடுத்த நான்கு நாள் மெதுவான ஓட்டம் மட்டும்.

சைக்கிளில் இறங்குகிறவர்கள் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வரக்கூடாது. ரிம் சூடாகி டியூப் வெடிக்கும், டிஸ்க் என்றால் பிடிப்புக் குறையும். கொண்டை ஊசி வளைவுக்கு முன் நேர் சாலையிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை விட்டுத் திரும்புங்கள்.

விதி 3: வயிற்றுக்கும் பயிற்சி

கென்ய வீரர்களின் தட்டைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்கள் சாப்பாட்டில் சுமார் 76 சதவீதம் மாவுச்சத்து என்று கண்டது. மக்காச்சோள மாவைக் கிண்டிய உகாலி, கீரை, சர்க்கரை போட்ட பால் டீ. நம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டவருக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை. சாம்பியனாக விலையுயர்ந்த டப்பாப் பொடி வேண்டும் என்று யார் சொன்னாலும் அந்தத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இட்லி, சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை போதும். கடுமையான நாளிலும் லாங் ரன்னுக்கு முந்தைய இரவும் சோற்றைக் குறைக்காதீர்கள்.

ஓடும்போது சாப்பிடுவதில் அமெச்சூருக்குத்தான் சாம்பியனைவிட அதிகக் கவனம் தேவை. அவர் இரண்டு மணி நேரத்தில் வீடு போகிறார், நாம் ஐந்து மணி நேரம் சாலையில் இருக்கிறோம். கணக்கு இதுதான்:

- ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும்.
- அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து.
- ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். மணிக்கு இரண்டு பழம், கொஞ்சம் கருப்பட்டி என்றால் கணக்குச் சரி.

பள்ளத்தாக்கு முழுக்க வாழை விளைகிறது. பாக்கெட் ஜெல் வாங்க வசதியில்லாதவர் கவலைப்பட வேண்டாம். ஆனால் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதை ஞாயிறு லாங் ரன்னிலேயே சாப்பிட்டுப் பழகுங்கள். குடலும் பழக்கத்தால்தான் தாங்கும். பந்தயத்தன்று புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

வியர்வையை வீட்டிலேயே அளக்கலாம். ஓடும் முன் எடை 68 கிலோ, ஒரு மணி நேரம் கழித்து 67.2, நடுவில் குடித்தது 300 மில்லி என்றால், இழந்தது 1.1 லிட்டர். அதை முழுவதும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்து, மீதியை வீட்டில் குடியுங்கள். தாகமில்லாமல் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே நீண்ட ஓட்டத்துக்கு இளநீரில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்க்கலாம், அல்லது ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைத்து எடுத்துப்போகலாம். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கலக்க வேண்டாம்.

இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு வேளையும் அளவும் மாற்றிக்கொண்டபின் ஓடுங்கள். பாக்கெட்டில் குளுக்கோஸ் இல்லாமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள்.

விதி 4: பருவத்தோடு ஒத்துப்போதல்

2019இல் தோகாவில் நடந்த உலக தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், காற்றில் புழுக்கம். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. வென்றவரின் நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அதற்கு முன் அவர் ஓடிய சிறந்த நேரத்தைவிடக் கால் மணி நேரம் அதிகம். உலகத்தின் தலைசிறந்தவர்களே வெயிலில் வேகத்தைக் குறைக்கும்போது நாம் சித்திரை வெயிலில் கடிகாரத்தைத் துரத்துவது வீண்.

தேனி மாவட்டத்துப் பருவங்களை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி: நேரத்தை மறந்து மூச்சை மட்டும் பார்த்து ஓடும் காலம். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

ஆனி முதல் ஆவணி வரை: கணவாய் வழியே மேல்காற்று பள்ளத்தாக்கில் இறங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பழமொழியல்ல, ஆண்டிப்பட்டிப் பக்கம் நிற்கும் காற்றாலைகள் அதற்குச் சாட்சி. தேனியிலிருந்து கம்பத்தை நோக்கிப் போனால் எதிர்க்காற்று, திரும்பினால் பின்காற்று. ஆகவே முதலில் கம்பம் பக்கம் போய், களைத்தபின் காற்றோடு வீடு திரும்பும்படி வழியை அமையுங்கள். நான்கைந்து பேர் ஒருவர்பின் ஒருவராக ஓடி, முன்னால் போகிறவரை மாற்றிக்கொண்டே இருங்கள். கிப்சோகே 2019இல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோதும் ஒரு குழு முறைவைத்து மாறி மாறி அவருக்குக் காற்றை மறைத்துக்கொடுத்தது.

ஐப்பசி, கார்த்திகை: மலைச்சாலையில் பாறை உருளும், மண் சரியும். மழை பெய்த மறுநாள் குமுளி, போடிமெட்டுப் பாதைகளைத் தவிர்த்துத் தரையில் ஓடுங்கள்.

மார்கழி முதல் மாசி வரை: இதுதான் உங்கள் சீசன். பெரிய பந்தயத்தை இந்த மாதங்களில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஆவணியிலிருந்தே பயிற்சியைத் திட்டமிடுங்கள். ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தான் போன்றவை இதற்குள் வந்துவிடும்.

விதி 5: உறக்கமும் நோட்டும்

கிப்சோகே பயிற்சி எடுக்கும் கென்யாவின் கப்டகாட் முகாமில், ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் அவர் நோட்டில் எழுதி வைக்கிறார். செயலி கொடுக்கும் வரைபடத்தைவிட, கையால் எழுதும் நான்கு வரி நிறையச் சொல்லிக்கொடுக்கும். எழுத வேண்டியவை: எத்தனை நிமிடம், மூச்சு எப்படி, எத்தனை மணி நேரம் தூங்கினேன், எங்கே வலித்தது. ஒரே இடத்தில் மூன்று நாள் வலி என்று நோட்டு காட்டினால் நான்காம் நாள் ஓடாதீர்கள்.

சாம்பியன்கள் இரவில் நன்கு உறங்கி, பகலிலும் கண்ணயர்கிறார்கள். கடையை இரவு பத்துக்கு அடைத்துவிட்டு நாலரைக்கு எழும் வியாபாரிக்கு அது முடியாது. அவர் செய்யக்கூடியது, தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த மறுநாள் கடுமையான பயிற்சியைத் தள்ளிவைப்பது. மார்க்கெட் நாள், முகூர்த்த நாள், பரீட்சை வாரம், அறுவடை எல்லாம் உடலுக்குச் சுமைதான். அவற்றையும் நோட்டில் எழுதி, அந்த வாரம் ஓட்டத்தைக் குறையுங்கள். அப்படிக் குறைப்பதும் பயிற்சித் திட்டத்தின் ஒரு பகுதியே.

குழுவைத் தேடிக்கொள்ளுங்கள். கப்டகாட்டில் பயிற்சியாளர் பேட்ரிக் சாங்கின் கீழ் பலர் சேர்ந்தே ஓடுகிறார்கள். 1992 ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் வெள்ளி வென்றவர் அவர். தேனி மாவட்ட விளையாட்டு அரங்கிலோ உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்திலோ மூன்று பேர் சேர்ந்தால் குழு உருவாகிவிடும். காத்திருக்க ஆள் இருந்தால் போர்வையை உதறுவது எளிது.

விட்டுவிட வேண்டியவை

வாரம் 200 கிலோமீட்டர், ஒரு நாளில் இரண்டு வேளைப் பயிற்சி, ஒவ்வொரு பந்தயத்துக்கும் கார்பன் தட்டு ஷூ, இவை அவர்களுக்கு. உயர்மலைப் பயிற்சியும் அப்படியே. கப்டகாட் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரத்தத்தில் சிவப்பணு கூட, 2,000 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் தங்க வேண்டும். 1,400 மீட்டர் அளவில் உள்ள போடிமெட்டுக்கு ஞாயிறு போய் வருவதால் அது நடக்காது. அங்கே கிடைப்பது சரிவும் குளிர்ச்சியும்தான். அதற்காகவே போகலாம்.

சாலையிலும் காட்டிலும்

விடியுமுன் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரளப் பக்கம் ஏறும். ஓட்டுநர்களுக்கு அவசரம், சாலையோ குறுகல். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டுச் சாலைகளில் ஓடவேண்டுமானால் ஜீப்புகள் ஏறி முடிந்து, நன்றாக வெளிச்சம் வந்தபின் தொடங்குங்கள்.

ஓடுகிறவர் வலப்புறம், வண்டிகள் எதிரே வரும்படி ஓட வேண்டும். சைக்கிள் இடப்புறம். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கமாக ஒட்டி ஓடினால் மேலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். வளைவு வருவதற்கு முன்பே நின்று பார்த்து வெளிப்பக்கம் மாறுங்கள். இருட்டில் ரிஃப்ளெக்டர் சட்டை, ஹெட்லைட் கட்டாயம். காதில் இயர்போன் வேண்டாம்.

காட்டுப்பாதைக்குத் தனி விதி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களும் நம்மைப் போல மலையை நேசித்துப் போனவர்கள்தான். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் எந்தக் காட்டுப் பாதையிலும் ஓடக்கூடாது. கோடையில் புல் காய்ந்த சரிவுகளுக்குப் போகவே கூடாது. மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. சோதனைச் சாவடியில் அனுமதி நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்குள் திரும்புங்கள். யானையோ காட்டுமாடோ தென்பட்டால் படம் எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள்.

நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வியர்வை நின்று உடல் கொதித்தல், பேச்சுக் குழறல், இவற்றில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி 108ஐ அழையுங்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களும் குடும்பத்தில் இதயநோய் உள்ளவர்களும் பயிற்சி தொடங்குமுன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பார்த்துவிடுங்கள்.

பந்தய நாள்

கென்யாவின் கெல்வின் கிப்டும் 2023இல் சிகாகோ மாரத்தானில் 2 மணி 35 விநாடியில் உலக சாதனை படைத்தபோது முதல் பாதியை 60 நிமிடம் 48 விநாடியிலும் இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 விநாடியிலும் ஓடினார். முதலில் அடக்கம், பிறகு வேகம். அமெச்சூர் பந்தயங்களில் முதல் மூன்று கிலோமீட்டரில் கூட்டமும் மேளமும் சேர்ந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த மூன்று கிலோமீட்டரிலும் பேசக்கூடிய வேகத்திலேயே இருங்கள். பாதி தூரத்துக்குப் பிறகும் தெம்பிருந்தால் கூட்டுங்கள். பிரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம் உண்டு. அங்கே முதலிடம் என்பதே கிடையாது. நிற்கும் நேரத்தைக் குறைத்துச் சீராக மிதிப்பவர் முடித்துவிடுவார்.

கடைசியில் கைவிட்டுப் போகும் நாளும் இருவருக்கும் பொது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் லட்சுமணன் மூன்றாவதாக வந்தார். ஓட்டத்தின் நடுவே கால் தடத்துக்கு வெளியே பட்டது என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டு வெண்கலம் பறிபோனது. 25 சுற்று உழைப்பு ஓர் அடியில் போயிற்று. ஆனால் அந்த ஓட்டத்துக்காக அவர் வருடக்கணக்கில் சேர்த்த வலு அவர் உடலை விட்டுப் போகவில்லை. உங்கள் முதல் மாரத்தான் 34ஆவது கிலோமீட்டரில் நின்றுபோனாலும், அதற்காக ஓடிய வாரங்கள் உங்களிடமே இருக்கும். இரண்டு வாரம் ஓய்வெடுத்து, நோட்டைப் புரட்டி, உணவா வேகமா வெயிலா எது பிசகியது என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் பெயர் கொடுங்கள்.

இந்த ஞாயிறே செய்ய வேண்டியது

உங்கள் ஊரில் ஏற்றமில்லாத 5 கிலோமீட்டர் வழி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலை ஆறு மணிக்கு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அதை ஓடி, எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். மேலே சொன்ன வாரத்திட்டத்தை ஆறு வாரம் கடைப்பிடியுங்கள். பிறகு அதே வழியில், அதே நேரத்தில், அதே மூச்சோடு மறுபடி ஓடுங்கள். பெரும்பாலானோருக்கு நேரம் ஒன்றிரண்டு நிமிடம் குறைந்திருக்கும். மூச்சை முடுக்காமல் வந்த அந்த ஒன்றிரண்டு நிமிடம், கப்டகாட்டில் ஒருவர் விநாடி விநாடியாகச் சேர்க்கும் அதே மாற்றம்தான். அது எப்படி வந்தது என்று உங்கள் உடம்புக்கு இப்போது தெரியும். அடுத்த ஆறு வாரத்தைத் தொடங்குங்கள்.